தோட்டம் காட்டும் பருவங்கள்

ஐதராபாத்தின் வடகிழக்கிலுள்ள ஏ.எஸ்.ராவ் நகர், 1967-இல் தோன்றிய இந்திய எலக்ட்ரானிக்ஸ் கழகத்தை நிறுவிய டாக்டர் ஏ.எஸ்.ராவ் அவர்களின் பெயரைத் தாங்கியது. அத்தகைய நகர்ப்புறக் குடியிருப்பிலும் ஒரு செம்பருத்தியும் கறிவேப்பிலை மரமும் உள்ள சிறு தோட்டம் பருவங்களைக் காட்டும் நாட்காட்டியாகும்.

கோடையில் குயில் கூவுகின்றது; குளிர்காலத்திலோ அது பெரும்பாலும் வாய் திறவாது. அப்போது வடபுலத்திலிருந்து வாலாட்டிகள் வந்து சேர்கின்றன. ஊதாத் தேன்சிட்டு ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்வது. ஆயினும் இனப்பெருக்கம் முடிந்தபின் ஆண்பறவை மின்னும் இறகுகளை உதிர்த்துவிடுகின்றது; மார்பின் நடுவே கருங்கோடு ஒன்றே எஞ்சும். பறவை அகன்றுவிட்டது என எண்ணுதல் தவறு. அதன் நிறமே மாறியுள்ளது.

தேன்சிட்டு தேனை உண்பதாயினும், தன் குஞ்சுகளுக்குப் புழுக்களையும் சிலந்திகளையுமே ஊட்டுகின்றது. வளரும் உடலுக்குப் புரதம் இன்றியமையாதது. கூட்டைப் பிணைப்பதும் சிலந்தி நூலே. ஆதலால், கூடுள்ள காலத்தில் பூச்சிமருந்து தெளிப்போர் தம்மையறியாமல் குஞ்சுகளைப் பட்டினியிடுகின்றனர். இலையில் சில துளைகள் விழுதல் பெருநட்டமன்று.

ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு குயிலின் முதற்கூவலையும் வாலாட்டியின் வருகையையும் தேதியிட்டு ஆண்டுதோறும் குறித்துவரச் செய்யலாம். சில ஆண்டுகளில் அக்குறிப்பேடே சிறந்த பாடநூலாகிவிடும்.