சூடானால் மறையும் சத்தம்

கார் வாங்கிய மறுநாள் காலையில்தான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. 2012 மாடல், பெட்ரோல், 78,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள் யாரோ தையல் மெஷின் ஓட்டுவதுபோல் 'டிக் டிக் டிக்'. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சத்தமும் கூடியது. பத்து நிமிடம் ஓட்டிய பிறகு சுத்தமாகக் காணோம்.

வாங்கப் போன அன்று ஏன் கேட்கவில்லை? நாங்கள் போய் இறங்கும்போதே, "இப்பத்தான் பெட்ரோல் போட்டுட்டு வந்தேன்" என்றார் விற்றவர். அப்போதே பானெட்டைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். சுட்டால், "நாளைக்குக் காலைல வர்றேன், அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். புத்தி எப்போதும் பணம் கொடுத்த பிறகுதான் வருகிறது.

இரண்டு தெரு தள்ளி ஒரு ஒர்க் ஷாப். அங்கிருந்த மெக்கானிக், இன்ஜின் ஓடும்போதே இக்னிஷன் காயில் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். நான்காவதைக் கழற்றியதும் சத்தம் அடங்கியது. "நாலாவது கனெக்டிங் ராடு பேரிங் போயிருச்சு சார். இன்ஜின் இறக்கணும்." 55,000 ரூபாய் ஆகும் என்றார்.

அவர் செய்த சோதனை தவறானதல்ல, காலகாலமாக இருப்பதுதான். ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாவிட்டால் அந்தப் பிஸ்டன் மேல் விழும் அடி குறையும். தேய்ந்த பேரிங்கின் தட்டலும் தணியும். ஆனால் எரிப்பு நின்றால் அந்தச் சிலிண்டரிலிருந்து வரும் புகையின் வேகமும்தான் குறையும். சத்தம் எந்தச் சிலிண்டரில் என்பதை அந்தச் சோதனை காட்டும். சத்தம் போடுவது எது என்பதைக் காட்டாது.

அடுத்து தாம்பரம் பக்கம் மெக்கானிக் பெரியவர் ஒருவரிடம் போனேன். சத்தம் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை. "எப்ப வருது, எப்ப போவுது?" என்றார். சொன்னேன். "சூடானா போயிருதா? அப்ப ராடு இல்ல. வண்டிய ராத்திரி இங்கயே உட்டுட்டுப் போங்க."

அவர் கணக்கு எளிமையானது. சூடானால் ஆயில் இளகும். பேரிங் தேய்ந்திருந்தால் அப்போதுதான் அதிகமாகத் தட்ட வேண்டும். அது 'டிக்' இல்லை, அடிவயிற்றிலிருந்து வரும் 'டொக்'. கூடவே ஆயில் விளக்கும் எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்துவிட வேண்டும். வீடுவரை ஓட்டிப் பார்க்கலாம் என்ற ஆசையே கூடாது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு சாவியைத் திருப்பினார். முதலில் ஓரடி நீள ஸ்க்ரூடிரைவர். முனையை இன்ஜின் பிளாக்கில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்தார். சம்ப், ஹெட், டேப்பட் கவர் என்று இடம் மாற்றி மாற்றிக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு இரண்டடி ரப்பர் டியூப் ஒன்றை எடுத்து, ஒரு நுனியைக் காதில் வைத்து, மறுநுனியை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் ஓரமாக நகர்த்தினார். நான்காவது சிலிண்டர் அருகே கை நின்றது. "நீங்களே கேளுங்க" என்று டியூபை நீட்டினார். பட் பட் பட் என்று காதில் அறைந்தது. இரும்பில் வரும் தட்டலை ஸ்க்ரூடிரைவர் சொல்லும். காற்றில் வரும் சத்தத்துக்கு டியூப்தான். (இதை நீங்கள் முயல்வதானால் பெல்ட்டும் ஃபேனும் இருக்கும் பக்கம் தலையோ துப்பட்டாவோ போகக் கூடாது.)

இன்ஜினை அணைத்து மேனிஃபோல்டின் மூடுதகட்டைக் கழற்றினால், கேஸ்கட் ஓரத்தில் விரல் அகலத்துக்குக் கரி. கடைசி ஸ்டட் ஒடிந்திருந்தது. 40 சென்டிமீட்டர் நீள வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட், 500 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளும், ஆறினால் சுருங்கும். வருடக்கணக்கில் இந்த இழுபறியை அதிகம் தாங்குவது இரண்டு ஓரத்து ஸ்டட்கள்தான். சூடானதும் உலோகம் விரிந்து இடைவெளியை அடைத்துவிடும், சத்தமும் மறையும். 800 ஆர்.பி.எம்.மில் ஒரு சிலிண்டர் நொடிக்கு ஏழு முறைக்குச் சற்றுக் குறைவாகப் புகை தள்ளும். டேப்பட் அடிப்பதும் அதே தாளம்தான். அனுபவசாலிகளே 'டேப்பட் செட்டிங் பண்ணணும்' என்று ஏமாறுவது இதனால்தான்.

மற்ற சத்தங்களையும் பெரியவர் பெரும்பாலும் 'எப்ப வருது, எப்ப போவுது' என்ற அதே கேள்வியால்தான் பிரித்தார். கீச்சுச் சத்தம் வந்தால் பெல்ட் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளி. சத்தம் மாறினால் பெல்ட். கிளட்ச்சை மிதிக்கும்போது மட்டும் இரைந்தால் ரிலீஸ் பேரிங். காலையில் இரண்டு மூன்று நொடி மட்டும் கடகடத்தால் டைமிங் செயின் டென்ஷனரைப் பார்.

ஒடிந்த ஸ்டட்டின் தலையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்து, அந்தச் சூட்டோடு திருகி எடுத்தார்கள். மேனிஃபோல்ட் லேத்துக்குப் போய் ஃபேஸிங் ஆகி வந்தது. புது கேஸ்கட், கூலி எல்லாம் சேர்த்து 2,650 ரூபாய்.

மறுநாள் காலை வண்டி அமைதியாக ஸ்டார்ட் ஆனது. ஆனாலும் பானெட்டைத் திறந்து குனிந்தால் மெல்லிதாக ஒரு 'டிக் டிக்'. பதறிப்போய் போன் செய்தேன். மறுமுனையில் சிரித்தார். "அது இன்ஜெக்டர் சார். அது அடிக்கலேன்னா வண்டியே ஓடாது."