வெளியிலிருந்து வந்தவள்: சீனக் குடும்பத்து மருமகள்

நம் வீடுகளில் அப்பாவைப் பெற்றவளும் பாட்டி, அம்மாவைப் பெற்றவளும் பாட்டி. வேண்டுமானால் ஊர்ப் பெயரைச் சேர்த்து 'தஞ்சாவூர்ப் பாட்டி', 'மதுரைப் பாட்டி' என்று பிரித்துச் சொல்வோம். சீன மொழியில் அப்படி இல்லை. தந்தையின் தாய் 'நைநை'. தாயின் தாய் 'வைபோ'. 'வை' என்றால் வெளி. மகளுக்குப் பிறந்த பேரன் 'வைசுன்', அதாவது வெளிப் பேரன். இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால், அந்தக் குடும்பத்தில் பெண்ணின் நிலை பெருமளவு விளங்கிவிடும்.

மணமாகிப் போன மகள் கொட்டிய தண்ணீர் என்பது சீனப் பழமொழி. புத்தாண்டின் முந்தைய இரவும் முதல் நாளும் அவள் கணவன் வீட்டில்தான் இருக்க வேண்டும். பிறந்த வீட்டுக்குப் போவது இரண்டாம் நாள். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது நம் வழக்கம். அங்கேயோ, மணமான மகள் பிறந்த வீட்டில் பிள்ளை பெறுவது ஆகாது என்று விலக்கி வைத்திருந்தார்கள். பிள்ளை பெற்றபின் ஒரு மாதம் அவளை வெளியே விடாமல், குளிர்ந்த நீரைத் தொடவிடாமல் பார்த்துக்கொள்வது மாமியார் பொறுப்பு. தெற்கே இஞ்சி சேர்த்த கோழி, வடக்கே தினைக்கஞ்சியும் முட்டையும் கொடுப்பார்கள். பத்தியம் ஒன்றுதான், அதைச் சமைத்துப் போடும் கை வேறு.

இத்தகைய வீட்டுக்குள் ஒரு வெளிநாட்டுப் பெண் மருமகளாக நுழைந்தால் எப்படியிருக்கும்? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த மே ஃபிராங்கிங், தம்முடன் படித்த சீன மாணவரை 1912இல் மணந்து, பின்னர் சீனாவில் வாழ்ந்தார். அவரது வாழ்க்கைக் கதை 1921இல் 'என் சீனத் திருமணம்' என்ற பொருள்தரும் ஆங்கிலத் தலைப்பில் நூலாக வந்தது. அதில் ஓர் அத்தியாயத்தின் தலைப்பு 'முதல் மருமகள்' என்பதாகும். பெரிய சீனக் குடும்பத்தில் ஒருத்தியை அழைப்பது அவள் வகிக்கும் இடத்தை வைத்துத்தான். மூத்தவன் மனைவி, இளையவன் மனைவி என்று ஒவ்வொருத்திக்கும் தனி முறைப்பெயர் உண்டு. அந்நிய நாட்டுப் பெண்ணானாலும் மூத்த மகனின் மனைவி மூத்த மருமகள்தான்.

தான் ஒருத்திதான் அந்த வீட்டில் அந்நியள் என்று வெளிநாட்டுப் பெண் நினைப்பது இயல்பு. ஆனால் சற்று உற்றுப் பார்த்தால், அங்குள்ள மருமகள்கள் எல்லாருமே அந்நியர்கள்தாம். ஒரே குலப்பெயர் கொண்டவர்கள் மணம் செய்துகொள்ளக் கூடாது என்பது பழைய விதி. ஆகவே மாமியாரும் ஒரு நாள் வேற்றுக் குலப்பெயரோடு பல்லக்கில் வந்து இறங்கியவளே. மணமான பின்னும் அவளுடைய குலப்பெயர் மாறுவதில்லை. இதைச் சிலர் உரிமை என்பர். ஆனால் கணவன் வீட்டு வம்சாவளி ஏட்டில் அவளுக்கு இருந்தது அந்தக் குலப்பெயர் மட்டுமே; சொந்தப் பெயர் பெரும்பாலும் எழுதப்படவில்லை.

அப்படியானால் அவளுக்கென்று இருந்தது என்ன? அவள் பெற்ற பிள்ளைகள். தைவான் கிராமக் குடும்பம் ஒன்றோடு தங்கி ஆராய்ந்த மார்கரி உல்ஃப் என்ற அமெரிக்கப் பெண்மணி 1972இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். ஆண்களுக்குக் குடும்பம் என்பது முன்னோர் முதல் வரும் வம்சம். பெண்ணுக்கோ அது தன் வயிற்றில் பிறந்தவர்களோடு தானே கட்டிக்கொள்ளும் சிறு கூடு. முதுமையில் அவளுக்குத் துணை மகன்தான். மருமகளை மாமியார் அஞ்சியதும் அடக்கியதும் இதனால்தான். மகனைக் கடல் கடந்து கொண்டுபோய்விடக் கூடிய அயல்நாட்டு மருமகளிடம் அந்த அச்சம் இரட்டிப்பாகாமல் என்ன செய்யும்?

காலம் மாறியது. 1912இல் சீனக் குடியரசின் இடைக்கால அரசு, பெண்குழந்தைகளின் காலைக் கட்டிச் சிறிதாக்கும் வழக்கத்தைத் தடை செய்தது. 1950ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் மணமக்களின் விருப்பத்தையே அடிப்படையாக்கி, இருதார மணத்தை விலக்கியது. 1980 முதல் 2015 வரை நடப்பிலிருந்த ஒற்றைக் குழந்தைக் கொள்கை இருபுறமும் வெட்டியது. ஆண்பிள்ளை வேண்டிப் பெண்கருக்கள் அழிக்கப்பட்டன. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட 100 பெண்குழந்தைகளுக்கு 111 ஆண்குழந்தைகள் பிறந்திருந்தன. அதே சமயம், ஒரே மகளை மட்டும் பெற்றவர்களுக்கு அவளே எல்லாமும் ஆனாள். அவளைக் கொட்டிய தண்ணீர் என்று எப்படிச் சொல்வது? 'வைபோ' என்ற சொல் அப்படியே இருக்கிறது. ஆனால் பேரனைக் கையில் ஏந்தி வளர்ப்பவள் இன்று பல வீடுகளில் அந்த வெளிப் பாட்டிதான்.

வெளியூர்களில் வாழும் நம் வீடுகளுக்கும் இன்று பஞ்சாபி, வங்காளி, மராத்தி மருமகள்கள் வருகிறார்கள். அவர்களுக்கு நம் மொழியையும் முறைப்பெயர்களையும் கற்றுத் தருவது நல்லதே. அதோடு, நம் பாட்டிமார் புகுந்த வீட்டில் முதல் ஆண்டைக் கழித்த கதையையும் ஒரு முறை சொன்னால், வந்தவளுக்குத் துணை கிடைத்ததுபோல் இருக்கும்.