யூ.பி.எஸ். எழுப்பும் சத்தம் என்ன சொல்கிறது?

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்வெட்டு அமுலில் இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. இத்தகைய அனுபவங்களால் யூ.பி.எஸ். கருவியையோ மின்பிறப்பாக்கியையோ வாங்கி வைத்த வர்த்தகர்கள் பலர். ஆனால் அவை எழுப்பும் சத்தம் என்ன சொல்கிறது என்பதை அறிந்தவர்கள் சிலரே. 'கீ, கீ' என்றதும் பொத்தானை அழுத்திச் சத்தத்தை நிறுத்திவிடுகிறோம். எல்லாச் சத்தமும் ஒன்றல்ல.

முதலாவது, மின்சாரம் போனதும் இடைவெளிவிட்டு வரும் ஒலி. இது கோளாறு அல்ல. கருவி பற்றரியில் இயங்குகிறது என்பதே பொருள். சிறிய யூ.பி.எஸ். தருவது சில நிமிட அவகாசம் மட்டுமே. பில்லை முடித்து, கணக்கைச் சேமித்து, கணனியை முறைப்படி நிறுத்த அது போதும்.

இரண்டாவது, அந்த ஒலி விரைவாகவோ தொடர்ச்சியாகவோ மாறுவது. பற்றரி தீரப்போகிறது. இனியும் தாமதிக்கக் கூடாது.

மூன்றாவது, மின்சாரம் இருக்கும்போதே விடாமல் ஒலிப்பது. பெரும்பாலும் சுமை கூடிவிட்டது என்பதே காரணம். பெட்டியில் 650 வீ.ஏ. என்றிருந்தால் 650 வாற்று தாங்கும் என்பதல்ல. சிறிய கருவிகள் பலவும் அதில் 60 சதவீதமளவே தாங்கும். லேசர் பிரின்டர், குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றை அதில் இணைக்கக் கூடாது.

நான்காவது, மின்சாரம் இருக்கையில் சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை வரும் ஒலி, அல்லது பற்றரி அடையாளமிட்ட சிவப்பு விளக்கு. பற்றரியை மாற்றச் சொல்கிறது. பலரும் அலட்சியம் செய்வது இதைத்தான். மின்சாரம் உள்ளவரை எல்லாம் ஒழுங்காகவே தெரியும். மின்சாரம் போன அந்தக் கணத்திலேயே கணனியும் அணைந்துவிடும். அன்றைய விற்பனைக் கணக்கும் அதோடு போகலாம். இவ்வகைப் பற்றரிகளின் ஆயுள் பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள். வெப்பமான மூலையில் வைத்தால் இன்னும் குறையும். 2022இல் வாங்கியவர்கள் உடனே கவனிக்க வேண்டும்.

ஒலி முறைகள் கருவிக்குக் கருவி வேறுபடும். கையேட்டிலுள்ள அட்டவணையைப் பிரதியெடுத்துக் கருவியின் அருகில் ஒட்டிவிடுங்கள். காசாளரும் அறிந்திருக்கட்டும்.

மின்பிறப்பாக்கியிலும் எச்சரிக்கை உண்டு. சிறிய வகைகள் பலவற்றில் என்ஜின் ஒயில் குறைந்தால் இயந்திரம் தானாக நின்றுவிடும். பெற்றோல் இருந்தும் மீண்டும் இயங்காது. மெக்கானிக்கை அழைக்குமுன் ஒயில் அளவைப் பாருங்கள். மருந்துக்கடைக்காரர்களுக்கு இது மிக முக்கியம். இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். மின்பிறப்பாக்கி நின்றதை அறியாதிருந்தால் மருந்து வீணாகும். அதை நம்பி வாங்கும் நோயாளியும் பாதிக்கப்படுவார்.

மாதம் ஒருமுறை, வேலையற்ற நேரத்தில் கணக்கைச் சேமித்துவிட்டு, யூ.பி.எஸ். இணைந்துள்ள சுவர் ஆளியை நிறுத்திப் பாருங்கள். எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று திகதியுடன் குறித்து வையுங்கள். அந்த நிமிடங்கள் குறைந்துகொண்டே வந்தால், புதிய பற்றரிக்குப் பணம் ஒதுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.