கையில் கட்டு...நீச்சல் குளத்தில் இறங்கலாமா?

கை எலும்பு முறிந்து கட்டுப் போட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள்...வலியைவிடக் குளிப்பதுதான் பெரும்பாடு என்பார்கள்.

பிளாஸ்டிக் பையைச் சுற்றி, டேப் ஒட்டி, கையைத் தூக்கிப் பிடித்தபடியே குளிக்கவேண்டும். சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் அதுவும் ஒரு நாளுக்கு 2 முறை!

தண்ணீர் படக்கூடிய கட்டு என்றால் அந்தத் தொல்லை இல்லை. மருத்துவர் சரி என்றால் நீந்தவும் செய்யலாம்.

எல்லாக் கட்டும் அப்படியா?

இல்லை. மாவுக்கட்டு நனைந்தால் இளகிவிடும். கலர் கலராக வரும் ஃபைபர்கிளாஸ் கட்டு இளகாது. அதனால் அதை நனைக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சிக்கல் அங்கேதான்.

ஃபைபர்கிளாஸ் என்பது வெளி ஓடு மட்டுமே. உள்ளே தோலை ஒட்டியிருப்பது பெரும்பாலும் சாதாரணப் பஞ்சு. அது நனைந்தால் லேசில் காயாது. தோல் ஈரத்திலேயே ஊறிப் புண்ணாகலாம், நாற்றமும் வரும்.

தண்ணீர் படக்கூடிய கட்டில் பஞ்சுக்குப் பதிலாகத் தண்ணீரை உறிஞ்சாத உள்ளுறை இருக்கும். தண்ணீர் உள்ளே போகும், வழிந்து வெளியே வந்துவிடும். மிச்ச ஈரம் உடல் சூட்டில் காயும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கட்டுப் போடும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தையல், ஆறாத காயம், எலும்பில் கம்பி இருப்பவர்களுக்குப் பொதுவாக இது ஏற்றதல்ல.

நீந்திய பிறகு?

கட்டுக்குள் நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். குளத்துக் குளோரின் உள்ளே தங்கினால் அரிக்கும். பிறகு கையைச் சாய்த்துத் தண்ணீரை வடியவிடுங்கள். ஹேர் டிரையர் என்றால் குளிர்காற்று மட்டும். அரிக்கிறதே என்று ஸ்கேலையோ சாப்ஸ்டிக்கையோ உள்ளே விட்டுச் சொறிவது...வேண்டவே வேண்டாம்!

கடற்கரைக்குப் போகலாமா? மணல் உள்ளே போனால் தோலை உரசிக்கொண்டே இருக்கும். கட்டைப் பிரிக்கும்வரை குளமே போதும்.

இன்னொன்று. நனையலாம் என்பதால் எலும்பு சீக்கிரம் கூடிவிடாது. பெரியவர்களுக்கு மணிக்கட்டு முறிவு கூட ஏறக்குறைய 6 வாரமாகும். குளத்தில் குதிப்பது, சறுக்குவது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அதுவரை விரல்களை மடக்கி நீட்டுங்கள், தோளை அசையுங்கள். நடக்கலாம். விரல், தோள் அசைவுகள் கை இறுகிப்போகாமலிருக்க உதவும்.

விரல்கள் மரத்துப்போனாலோ, நீலம் பாய்ந்தாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கவேண்டாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.