வெள்ளணுப் புற்றும் போலி ஊட்டமும்

பகைவரை வெல்லும் வழி இரண்டு. வாளேந்தி எதிர்நின்று பொருதல் ஒன்று. அரணைச் சூழ்ந்து உணவு உட்புகாவண்ணம் தடுத்தல் பிறிதொன்று. லுகேமியா என்னும் வெள்ளணுப் புற்றுக்கு மருத்துவர் வழங்கும் மருந்துகளுள் ஒருவகை இரண்டாம் வழியைச் சார்ந்தது. உணவைப்போல வேடம் புனைந்து உட்புகுதல் அதன் தனியியல்பாம்.

இந்நோயின் தன்மை யாதெனில், எலும்பின் உள்ளிருக்கும் மச்சையிலே வெள்ளணுக்கள் முதிர்ச்சியுறாமலே அளவிறந்து பெருகுதல். அவற்றின் நெருக்கத்தால் செவ்வணுக்கள் குறைந்து உடல் வெளிறும், குருதி கசியும், தொற்றுநோய்கள் எளிதிற் பற்றும்.

உயிரணு இரண்டாகப் பிரிதற்கு அதன் மரபுப்பொருளாகிய டி.என்.ஏ. இரட்டித்தல் வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமின் இன்றியமையாதது. 1947-ஆம் ஆண்டளவில் பாஸ்டன் நகரத்து மருத்துவர் சிட்னி ஃபார்பர், இவ்வைட்டமின் இனப் பொருள்களை நோயுற்ற பிள்ளைகட்கு அளித்தபொழுது, நோய் தணியாது விரைந்து வளர்ந்ததாகக் கண்டார். ஊட்டம் நோயை வளர்க்குமாயின், ஊட்டத்தை மறித்தல் அதனைத் தளர்த்துமன்றோ? அதற்கேற்ற அமினாப்டெரின் என்னும் மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய அமெரிக்க ஆய்வுக்கூடத்தினின்று கிடைத்தது. 1948 ஜூன் மாதம் வெளியான அறிக்கையின்படி, மருந்துண்ட 16 குழந்தைகளுள் 10 பேர் நலம் அடைந்தனர். அந்நலம் சின்னாளே நின்றது.

மருந்து தொழிற்படுமாறு கூறுவாம். ஃபோலிக் அமிலத்தைப் பயன்படு வடிவாக்கும் நொதி ஒன்றுளது. அமினாப்டெரின், பூட்டினுள் நுழைந்து திரும்பாது சிக்கிய திறவுகோல்போல் அந்நொதியிற் பற்றிக்கொள்ளும். மெய்யான அமிலத்திற்கு அங்கு இடமில்லை. டி.என்.ஏ.க்கு உறுப்பாகிய தைமின் கிட்டாது அணு மடியும். அதன் பின் வழக்கிற்கு வந்த மெத்தோட்ரெக்ஸேட்டும் இவ்வாறே. ஜெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்ச்சிங்ஸ் ஆகியோர் கண்ட 6-மெர்காப்டோப்யூரினோ, சுவரிற் புகுந்த பழுதுற்ற செங்கல்போல் டி.என்.ஏ.யினுள்ளேயே கலந்து கேடு விளைக்கும்.

ஆயினும் இப்போலிகள் பகையையும் நட்பையும் பிரித்தறியா. விரைந்து பெருகும் நல்லணுக்களும், வாய், குடல் ஆகியவற்றின் உட்தோலும் நலிவுறும். ஆதலின் அளவறிந்து அளித்தலே மருத்துவரின் திறம். தனி மருந்துக்கு நோய் மீண்டும் தலையெடுத்ததால், பல மருந்துகளைச் சேர்த்து வழங்கும் முறை பிறந்தது. இன்று செல்வம் மிக்க நாடுகளில், குழந்தைகட்கு மிகுதியாய் வரும் லுகேமியா வகையில் 10-க்கு 9 பேர் அளவில் பிழைக்கின்றனர். முறையான மருத்துவம் எட்டாத நாடுகளில் அந்நிலை இன்னும் வாய்க்கவில்லை.

மாணாக்கரே, தீங்கு விளைத்ததாகத் தோன்றிய ஒரு சோதனையை மறைக்காமல் ஆராய்ந்ததே இவ்வழியைத் திறந்தது. அப்பத்துக் குழந்தைகள் பெற்ற சின்னாள் நலமே, பின்வந்த பிள்ளைகட்கு நீண்ட வாழ்வாயிற்று.