வெறிச்சோடிய நகரத்துக்கு ஆள் வந்த கதை: யூட்டிகா தரும் பாடம்

அமெரிக்காவின் நியூயார்க் என்றதும் வானளாவிய கட்டிடங்கள் நிறைந்த மாநகரம்தான் நம் நினைவுக்கு வரும். அதே நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியில், அந்த மாநகரிலிருந்து சுமார் நான்கு மணி நேரக் கார்ப் பயணத்தில், யூட்டிகா என்றொரு நடுத்தர நகரம் இருக்கிறது. அதன் நகர மையத்தில், நகராட்சிக் கட்டிடத்தை ஒட்டி, இன்று ஒரு பள்ளிவாசல் நிற்கிறது. அந்தப் பள்ளிவாசல் அங்கே எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், ஒரு நகரம் எப்படித் தேய்கிறது, மறுபடியும் எப்படி உயிர்பெறுகிறது என்பது புரிந்துவிடும்.

ஏன் காலியானது?

1825இல் ஈரி கால்வாய் முழுமையாகத் திறக்கப்பட்டது. அந்தக் கால்வாய்ப் பாதையில் இருந்ததால் யூட்டிகா வளர்ந்தது. நெசவாலைகளும் பின்னலாடை ஆலைகளும் பெருகின. இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் ஏழைத் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினார்கள். 1960ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்நகரின் மக்கள்தொகை 1 லட்சத்துக்குச் சற்று அதிகம்.

பிறகு சரிவு தொடங்கியது. கூலி குறைவான தென் மாநிலங்களுக்கு நெசவாலைகள் போய்விட்டன. ஜெனரல் எலக்ட்ரிக் போன்ற பெரிய நிறுவனங்களும் கதவை மூடின. பக்கத்து ஊரான ரோமில் இருந்த கிரிஃபிஸ் விமானப்படைத் தளம் 1995இல் மூடப்பட்டது. வேலை போனதும் இளைஞர்கள் போனார்கள். இளைஞர்கள் போனதும் கடைகள் போயின. 2000ஆம் ஆண்டில் மக்கள்தொகை 60 ஆயிரத்துச் சொச்சம். நாற்பது ஆண்டுகளில் பத்தில் நான்கு பேர் குறைந்துவிட்டார்கள். ஆளில்லாத வீடுகள் தீவைப்புக்கு இரையாவது 1990களில் வாடிக்கையாகிப் போனது. ‘கடைசியாக ஊரைவிட்டுப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும்’ என்று காரில் ஒட்டிக்கொண்டு மக்கள் கேலி பேசும் அளவுக்கு நிலைமை இருந்தது.

ஒரு நகரம் சுருங்கும்போது அதன் செலவு சுருங்குவதில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். சாலை, குடிநீர்க் குழாய், தீயணைப்பு, பள்ளிக்கூடம் எல்லாம் 1 லட்சம் பேருக்காக அமைக்கப்பட்டவை. அவற்றின் பராமரிப்புச் செலவை 60 ஆயிரம் பேர் சுமக்க வேண்டும். வரி ஏறுகிறது. வரி ஏறினால் இருப்பவர்களும் கிளம்புகிறார்கள். அதனால்தான் இப்படிப்பட்ட நகரங்கள் எல்லாம் மக்கள்தொகை வளர வேண்டும் என்று ஏங்குகின்றன.

கட்டிடத்தால் வராத வளர்ச்சி

ஆட்சியாளர்கள் சும்மா இருக்கவில்லை. பக்கத்து மார்சியில் ஒரு சிப் தொழிற்சாலையைக் கொண்டுவந்தால் எல்லாம் மாறிவிடும் என்று பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். வருவதாக அறிவித்த ஆஸ்திரிய நிறுவனம் ஒன்று 2016இல் பின்வாங்கியது. பின்னர் வுல்ஃப்ஸ்பீட் நிறுவனம் 2022இல் ஆலையைத் திறந்தது. அந்த நிறுவனமும் 2025இல் கடன் சுமை தாங்காமல் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. நகர மையத்தைப் புதுப்பிக்க 2019இல் மாநில அரசின் திட்டத்தில் 1 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. 2023இல் நகர மையத்தில் ஒரு பெரிய மருத்துவமனை திறக்கப்பட்டது. இவற்றால் பயனே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் யூட்டிகாவின் மக்கள்தொகைச் சரிவு இவற்றுக்கெல்லாம் வெகு முன்பே நின்றுவிட்டது. 2010இல் 62 ஆயிரம், 2020இல் 65 ஆயிரம் என்று எண்ணிக்கை மெல்ல ஏறியது. அதற்குக் காரணம் வேறு.

அகதிகள் வந்தார்கள்

1980களின் தொடக்கத்திலிருந்தே யூட்டிகாவில் அகதிகள் மறுவாழ்வு மையம் ஒன்று இயங்கி வருகிறது. முதலில் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் மக்கள் வந்தார்கள். 1990களில் போஸ்னியப் போரில் வீடிழந்த முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அவர்களுக்குப் பின் சோமாலி பந்து மக்கள், இராக்கியர், சூடானியர், பர்மாவின் கரேன் இனத்தவர் என்று பலர். இன்று அந்நகரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அகதியாக வந்தவர் அல்லது அவருடைய குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று மதிப்பிடப்படுகிறது.

அகதிகளுக்கு அரசு எல்லாவற்றையும் இலவசமாக வாரிக் கொடுக்கிறது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. நடைமுறை அப்படி இல்லை. விமானக் கட்டணம்கூட வட்டியில்லாக் கடன்தான். வேலைக்குப் போய் மாதத் தவணையில் திருப்பிக் கட்ட வேண்டும். வந்து இறங்கியபின் வீடு, சாமான், ஆரம்பச் செலவுக்கான முதல்கட்ட உதவி 90 நாட்களுக்குத்தான். அதற்குப் பிறகு மற்ற அரசு உதவிகள் சிலவற்றை நாடலாம் என்றாலும், குடும்பம் தன் காலில் நிற்க வேண்டும்.

போஸ்னியர்கள் நின்றார்கள். ஆலைகளிலும் உணவு விடுதிகளிலும் கிடைத்த வேலையைச் செய்தார்கள். யாரும் விரும்பாத பாழடைந்த வீடுகளை மலிவாக வாங்கி, கொத்து வேலையும் தச்சு வேலையும் தெரிந்த தங்கள் கைகளாலேயே செப்பனிட்டார்கள். ஒரு வீட்டில் விளக்கு எரிந்ததும் பக்கத்து வீட்டுக்கும் மதிப்பு வந்தது. தெருமுனையில் ரொட்டிக்கடை வந்தது, காப்பிக்கடை வந்தது, கார் பழுதுபார்க்கும் கடை வந்தது.

ஆயிரம் டாலர் பள்ளிவாசல்

இந்த நிலையில்தான் நகர மையத்தில் மூடிக்கிடந்த மெத்தடிஸ்ட் தேவாலயத்தை இடிக்க நகராட்சி முடிவு செய்திருந்தது. இடிப்பதற்கே சுமார் 10 லட்சம் டாலர் செலவாகும் என்ற நிலை. போஸ்னிய முஸ்லிம்கள் 2008இல் அந்தக் கட்டிடத்தை 1,000 டாலருக்கு வாங்கினார்கள். பிறகு பல ஆண்டுகள் தங்கள் சொந்த உழைப்பாலும் நன்கொடையாலும் அதைப் பள்ளிவாசலாகப் புதுப்பித்தார்கள்.

யாருடைய வணக்கத்தலத்தையும் பறித்து எழுப்பியதல்ல அது. வணங்குவோர் இல்லாமல் மூடப்பட்டு, இடிபடக் காத்திருந்த கட்டிடம். பறிகொடுத்தல் என்றால் என்ன என்பது அந்த மக்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். 1579இல் கட்டப்பட்ட பான்யா லூக்கா நகரின் ஃபர்ஹாதியா பள்ளிவாசல் 1993 மே மாதம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. சொந்த நாட்டில் பள்ளிவாசல்கள் தரைமட்டமாவதைக் கண்ட சமுதாயம், அந்நிய நாட்டில் இடிபட இருந்த ஒரு தேவாலயத்தை நிமிர்த்தி நிறுத்தியது. சுப்ஹானல்லாஹ்!

மார்க்கம் என்ன சொல்கிறது?

ஹூத் அத்தியாயத்தின் 61ஆம் வசனம், அல்லாஹ் நம்மைப் பூமியிலிருந்து படைத்து அதை வளப்படுத்தி வாழும்படி அதில் குடியமர்த்தியதை நினைவூட்டுகிறது. பூமியைச் செழிப்பாக்குவது கடமை என்பதற்கு இவ்வசனத்தில் ஆதாரம் இருப்பதாக இமாம் ஜஸ்ஸாஸ் (ரஹ்) விளக்கியுள்ளார்கள். யாருக்கும் உரிமையில்லாத தரிசு நிலத்தை உயிர்ப்பிப்பவருக்கே அது உரியது என்பது நபிமொழி தரும் சட்டம். ஃபிக்ஹு நூல்களில் இதற்கென்று ‘இஹ்யாவுல் மவாத்’ என்ற பாடமே உண்டு. மதரஸாவில் ஓதும்போது இது காடு கழனி பற்றிய பாடமாகத் தெரியலாம். கைவிடப்பட்ட வீடும் தெருவும் அதே பாடத்தின் கருத்துக்குள் வரக்கூடியவைதாம்.

இப்னு கல்தூன் (ரஹ்) தம் முகத்திமாவில் இதையே சமூக விதியாக எடுத்துரைத்தார்கள். மக்கள் கூடி உழைக்கும்போது தேவைக்கு மேல் விளைச்சல் கிடைக்கிறது. அதிலிருந்து தொழிலும் கலையும் வளர்கின்றன. மக்கள் குறைந்தால் வளமும் குறைகிறது. ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் அவர்கள் சொன்னதை யூட்டிகாவின் கணக்கெடுப்பு எண்களில் நாம் காண்கிறோம்.

ஹிஜ்ரத்தின் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, ஸஅத் பின் ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவரோ அவர்களுக்காக பரக்கத் வேண்டி துஆ செய்துவிட்டு, கடைத்தெருவுக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கிய வணிகம் விரைவில் பெருகியது. இதில் இரண்டு பாடங்கள் உண்டு. வந்தவர் சுமையாக இருக்க விரும்பவில்லை. இருந்தவர் கதவைச் சாத்தவில்லை. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் நகரம் வளராது.

குறைகளும் உண்டு

யூட்டிகாவைச் சொர்க்கமாகக் காட்டுவது நம் நோக்கமல்ல. வயதில் மூத்த அகதி மாணவர்களை உயர்நிலைப் பள்ளியில் சேர்க்காமல் ஒதுக்கியதாக அந்நகரக் கல்வி நிர்வாகத்தின் மீது 2015இல் வழக்குத் தொடுக்கப்பட்டு, அடுத்த ஆண்டு உடன்பாட்டில் முடிந்தது. 2024 ஜூனில் 13 வயது கரேன் அகதிச் சிறுவன் ஒருவன் காவலரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தான். அவனிடம் இருந்தது சிறு குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கிதான். பழைய குடிமக்களில் பலர் இன்னும் வறுமையில்தான் இருக்கிறார்கள். புதியவர்களுக்கு மட்டும் உதவியா என்ற அவர்களின் மனக்குறையை அலட்சியப்படுத்த முடியாது.

செலவையும் மறைக்க வேண்டியதில்லை. வந்த புதிதில் ஓர் அகதிக் குடும்பத்தால் ஊருக்குச் செலவுதான். மொழி கற்பிக்க வேண்டும். மருத்துவம் பார்க்க வேண்டும். அவர்கள் வேலையில் ஊன்றி, வீடு வாங்கி, வரி கட்டத் தொடங்கும்போதுதான் கணக்கு திரும்புகிறது. இதற்குப் பொறுமை வேண்டும்.

துருக்கியில் பிறந்த குர்து இனத்தவரான ஹம்தி உலுகாயா அந்தப் பொறுமையைக் காட்டினார். யூட்டிகாவுக்குத் தெற்கே மூடப்பட்ட பழைய ஆலையை 2005இல் வாங்கி ‘சோபானி’ தயிர் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆங்கிலமும் தெரியாது, போக வண்டியும் இல்லை என்ற நிலையில் இருந்த அகதிகளுக்குப் பேருந்தும் மொழிபெயர்ப்பாளரும் ஏற்பாடு செய்து வேலை கொடுத்தார். 2025இல் அதே நிறுவனம், மூடப்பட்ட கிரிஃபிஸ் தளம் இருந்த இடத்தில் 120 கோடி டாலரில் புதிய ஆலை கட்டப்போவதாக அறிவித்தது.

ஆனால் வாசல் இப்போது மூடப்பட்டு வருகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு அகதிகள் வருகையை நிறுத்திவைத்தது. 2026 நிதியாண்டுக்கான உச்சவரம்பு நாடு முழுமைக்கும் 7,500 பேர் மட்டுமே. யூட்டிகாவை நிரப்பிய ஊற்று வற்றினால், அந்நகரம் மீண்டும் பழைய கணக்கைத்தான் பார்க்க நேரிடும்.

நமக்கான பாடம்

நம் முன்னோர்களும் வந்தேறிகளாகப் போய் ஊர்களை வளர்த்தவர்கள்தாம். பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் சிங்கப்பூரின் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும், அங்கே கடை வைத்து உழைத்த தமிழ் முஸ்லிம்கள் நகர மையத்தில் விட்டுச்சென்ற அடையாளங்கள். இன்று பீஹாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பிழைக்க வரும் சகோதரர்கள் ஜும்ஆவில் நம் பக்கத்து ஸஃப்பில் நிற்கிறார்கள். அவர்களின் பெயரை நாம் கேட்டதுண்டா? வாடகை வீடு தேடி வந்தால் நம் முகம் மாறுகிறதா? அவர்களின் பிள்ளைகளுக்கு நம் மதரஸாவில் இடம் உண்டா? ஒவ்வொரு மஹல்லாவும் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை.

கல்லும் இரும்பும் இருந்தால் கட்டிடம் எழும்பிவிடும். அதில் குடியிருக்க மனிதர்கள் வேண்டும். அவர்களை வரவேற்கும் மனம் அன்சாரிகளிடம் இருந்தது; அதனால்தான் யத்ரிப் மதீனாவானது. வல்ல அல்லாஹ் நம்மைப் போன இடத்தில் பயன் தருபவர்களாகவும், வந்தவரை அரவணைப்பவர்களாகவும் ஆக்கி அருள்புரிவானாக! ஆமீன்.