மணிக்கு முன்னும் மணிக்குப் பின்னும்



அண்மையில் எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தாயார் எழுந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "டீச்சர், ஆறாம் ஆண்டுச் சோதனையையே எடுத்துவிட்டார்கள். இனிமேல் சின்னப் பிள்ளைகளுக்குச் சாயங்கால வகுப்பு எதற்கு? காலையிலும் அரை மணி முன்னதாக அனுப்பச் சொல்கிறீர்களே, அது எதற்கு?" கூட்டத்தில் பலர் தலையை ஆட்டினார்கள். மழை கட்டிக்கொண்டு நின்றதால் நான் இரண்டே வார்த்தையில் மறுமொழி சொல்லி முடித்தேன். அந்த மறுமொழி எனக்கே போதவில்லை. ஆகவே இன்றைய பேச்சுக்கு அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் சோதனையின் கதை. 1988 முதல் 2019 வரை நம் பிள்ளைகள் ஆறாம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். எழுதினார்கள். 2020-இல் கோவிட் தொற்றினால் அது நடைபெறவில்லை. 2021-இல் அரசாங்கம் அதனை நீக்கிவிட்டது. அந்த முப்பது ஆண்டுகளில், பள்ளி நேரத்துக்கு அப்பால் நடக்கும் வகுப்பு என்றாலே மாதிரித் தாள்தான் என்று நம் மனத்தில் பதிந்துபோயிற்று. முதலில் ஆறாம் ஆண்டுக்கு மட்டும் நடந்தது. பிறகு ஐந்தாம் ஆண்டுக்கும் நான்காம் ஆண்டுக்கும் வந்தது. கடைசியில் முதலாம் ஆண்டுப் பிள்ளையின் கையிலும் ஒரு கட்டுத் தாள் வந்து சேர்ந்தது.

கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இம்மாநிலத்துத் தோட்டப்பள்ளி ஒன்றில், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளை மாலை நான்கு மணி வரை உட்காரவைத்துத் தாள் தாளாகச் செய்யச் சொல்வேன். ஒரு நாள் ஒரு சிறுமி மேசைமேல் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். எழுப்பி, எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். மறுநாள் அவளுடைய பாட்டி வந்தார். சண்டைக்கு வரவில்லை. "பிள்ளை காலையில் ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு வந்தது, டீச்சர். வீட்டுக்கு வந்துதான் சாப்பிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு இரண்டு வாரம் கழித்து அந்தச் சிறுமி வகுப்புக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். அவள் வராததற்குக் காரணம் சோம்பல் என்று வருகைப் பதிவேட்டில் நான் எழுதவில்லைதான்; ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த மாதிரி வகுப்பு ஒழிந்தது நல்லதே. ஆனால் அதோடு சேர்த்து எல்லா வகுப்பும் ஒழியட்டும் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஏனென்றால் இவ்வகுப்புகள் சோதனைக்காகப் பிறந்தவை அல்ல.

நம் தோட்டப்பள்ளிகள் எப்படித் தொடங்கின என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். கூட்டு மலாய் மாநிலங்களில், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டுமென்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. கெடா அந்தக் கூட்டில் சேராத மாநிலம்; ஆயினும் இங்கும் தோட்டந்தோறும் பள்ளிகள் எழுந்தன. ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர், நான்கு வகுப்பு என்ற நிலையே பல இடங்களில். அந்தப் பள்ளி கொடுக்க முடியாததை மாலை நேரம்தான் கொடுத்தாக வேண்டியிருந்தது. ஆனால் தோட்டத்தில் மாலை நேரத்துக்குப் போட்டி அதிகம். பால் நிறுத்து, குளித்து, மனிதர் ஓயும் அதே வேளையில்தான் கள்ளுக்கடையும் ஆளைக் கூப்பிடும். 1946, 1947-ஆம் ஆண்டுகளில் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை அந்தக் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றதை உங்கள் தாத்தாமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பிறகு 1950-களில் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' வழியாக மாணவர் மணிமன்றம் வந்தது. பிள்ளைகள் எழுதினார்கள், பேசினார்கள், கூடினார்கள். அவர்களுக்கு மதிப்பெண் போட யாரும் இல்லை.

1983-இல் புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது இதற்கு முறையான பெயரும் கிடைத்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றும் அடிப்படை. அதில் பின்தங்கிய பிள்ளைக்குக் குறைநீக்கல். பாடத்தைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு வளப்படுத்தல். சுங்கைப் பட்டாணி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இவ்விரண்டையும் தனித்தனிக் குறிப்பேட்டில் எழுதிப் படித்தேன். இருபது ஆண்டு வகுப்பறையில் நின்ற பிறகு, சின்னப் பிள்ளைகளைப் பொறுத்தவரை அந்தக் கோட்டை அவ்வளவு அழுத்திப் போடக்கூடாது என்று தோன்றுகிறது. பின்தங்கிய பிள்ளைக்குத்தான் கதையும் பாட்டும் விளையாட்டும் அதிகம் வேண்டியிருக்கிறது. நாமோ கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கதைப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, தடுமாறும் பிள்ளைக்கு மீண்டும் அதே எழுத்து அட்டையை நீட்டுகிறோம்.

காலை வகுப்பைப் பார்ப்போம். பால்மரத் தோட்டத்தில் தாய் விடியுமுன்னே பெரட்டுக்குப் போய்விடுவாள். இன்று பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டு வந்துவிட்டன. சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் தொழிற்சாலை வேலை. தாய்க்கு ஒரு நேரம், தந்தைக்கு ஒரு நேரம். பள்ளியின் பெயரில் தோட்டம் இருக்கும், சுற்றிலும் வீடமைப்புத் திட்டமாக இருக்கும். ஆனால் பிள்ளையின் காலை மாறவில்லை. ஆறரை மணிக்கே பள்ளித் தாழ்வாரத்தில் பையை அணைத்துக்கொண்டு சில பிள்ளைகள் குந்தியிருப்பார்கள். அவர்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள் என்பதுதான் காலை வகுப்புக்கு முதல் காரணம்.

அந்த அரை மணியில் நான் பாடம் நடத்துவதில்லை. முதலில் வயிறு. வசதி குறைந்த பிள்ளைகளுக்கான கூடுதல் உணவுத் திட்டம் 1979 முதல் நம் பள்ளிகளில் உண்டு. உங்கள் பிள்ளைக்குத் தகுதி இருந்தும் வெட்கப்பட்டு விண்ணப்பம் கொடுக்காமல் இருக்காதீர்கள். தமிழ்நாட்டிலும் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதற்கும் விரிவுபடுத்தினார்கள். பசித்த பிள்ளைக்குக் காது கேட்காது என்று எங்கள் பாட்டி சொல்வார்.

சாப்பிட்ட பிறகு, ஒரு டப்பா ரப்பர் கொட்டையைக் கொட்டி வைப்பேன். பத்துப் பத்தாகக் கூட்டு, அதில் மூன்றை மறை, மிச்சம் எத்தனை? தாளில் '10 - 3' என்று கண்டால் விழிக்கும் பிள்ளை, கொட்டையை மறைத்தால் மட்டும் தட்டாமல் சொல்லும். கை கண்டதைக் கண் பிறகு தாளில் அடையாளம் காணும். கணக்கு அந்த வழியாகத்தான் வருகிறது. மற்றப்படி நேற்று வீட்டில் நடந்ததை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். நாய் குட்டி போட்டது, மின்சாரம் போனது, எதுவானாலும் சரி.

இந்தப் பேச்சு ஏன் முக்கியம் என்று சற்று விளக்கிச் சொல்கிறேன். வாசிப்பதில் இரண்டு வேலை இருக்கிறது. எழுத்தை ஒலியாக மாற்றுவது ஒன்று. நம் மொழியில் 247 எழுத்து என்று பயப்படுகிறோம். ஆனால் உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் தெரிந்து, கொம்பும் காலும் சேரும் விதம் பிடிபட்டுவிட்டால் பெரும்பாலும் முடிந்தது. இரண்டாவது வேலை, அந்த ஒலியைத் தனக்குத் தெரிந்த சொல்லோடு பொருத்துவது. பிள்ளை அந்தச் சொல்லை முன்னே காதால் கேட்டிருந்தால் ஒரு நொடியில் பொருந்தும். கேட்டிராவிட்டால், எழுத்தெழுத்தாகச் சரியாகச் சொல்லியும் விழித்துக்கொண்டே நிற்கும். அதற்கு எழுத்து வரவில்லை என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அதற்கு வராதது சொல். சொல்லை எந்த மாதிரித் தாளும் தராது. பேசுகிற வாயும் கேட்கிற காதும்தான் தரும். அதிலும் நம் பிள்ளைகள் முதலாம் ஆண்டிலிருந்தே தமிழ், தேசிய மொழி, ஆங்கிலம் என மூன்று மொழியைத் தூக்குகிறார்கள். வீட்டு மொழியில் சொல் நிறைந்திருந்தால் மற்ற இரண்டும் பற்றிக்கொள்ள ஓர் இடம் இருக்கும்.

இப்படி ஒரு பையன் என் வகுப்பில் இருந்தான். இரண்டாம் ஆண்டு. வாசிக்கச் சொன்னால் தரையைப் பார்ப்பான். ஒரு மாலை, பாடநூலை மூடிவிட்டு, "உன் தாத்தா என்ன வேலை செய்தார்?" என்று கேட்டேன். அவ்வளவுதான். தாத்தா எத்தனை மணிக்கு எழுந்தார், உளியை எப்படித் தீட்டினார், கோடு எப்படிச் சாய்ந்து இறங்கும், மங்கில் பால் எப்படிச் சொட்டும், மழை வந்தால் என்ன ஆகும் என்று பத்து நிமிடம் நிறுத்தாமல் சொன்னான். அவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே ஒரு பெரிய தாளில் எட்டு வரியாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். மறுநாள் விரல் வைத்து வாசித்தான். பாதி மனப்பாடம்தான், நான் அறிவேன். அதனால் வரிகளைத் தனித்தனியாகக் கத்தரித்துக் கலைத்துக் கொடுத்தேன். வரிசைப்படுத்தினான். பிறகு சொற்களாகக் கத்தரித்தேன். அங்கேதான் தடுமாறினான், அங்கேதான் கற்கவும் தொடங்கினான். மூன்று மாதத்தில் பாடநூலில் சிறு பத்தி வாசிக்கும் அளவுக்கு வந்தான். ணகரமும் னகரமும் இன்னும் சண்டை போடுகின்றன. அது வேறு கதை.

இது ஏதோ ஒரு பையனுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் பெருந்தொற்றால் பள்ளிகள் நீண்ட காலம் மூடிக் கிடந்து பிள்ளைகள் படித்ததை மறந்திருந்தபோது, 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 2 இலட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருவில் வசிக்கும் பெண்கள், சுமார் இருபது பிள்ளைகளை மாலையில் கூட்டிவைத்துக் கதையும் ஆடலும் பாடலுமாகக் கற்பித்தார்கள். ஆய்வாளர்கள் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்ததில், பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டு வந்திருந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு இந்த மாலை வகுப்புகளே காரணம் என்று கண்டார்கள். கற்பித்தவர்களில் பெரும்பாலோர் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அல்லர் என்பதைக் கவனியுங்கள்.

அங்கே வகுப்பு பிள்ளையின் தெருவுக்குப் போனது. நம் கெடாவில் மாலை வகுப்பின் பெரிய எதிரி பள்ளி வேன். ஒரு மணிக்கு மணி அடித்தால் வேன் புறப்பட்டுவிடும். பள்ளியிலேயே வகுப்பு வைத்தால் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளும் கார் வைத்திருப்பவர் பிள்ளைகளும் மட்டுமே தங்க முடியும். யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் வேனில் போய்விடுகிறார்கள். ஆகவே என் யோசனை இது: பிள்ளை வீட்டுக்குப் போகட்டும், சாப்பிடட்டும், குளிக்கட்டும், கொஞ்சம் படுத்து எழட்டும். மாலை நான்கரைக்குக் கோயில் மண்டபத்திலோ, தோட்டத்துப் பொது மண்டபத்திலோ, வசதியான ஒரு வீட்டு முன்வாசலிலோ கூட்டுங்கள். ஒரு மணி நேரம் போதும், ஏழு வயதுக்கு அதற்கு மேல் வேண்டாம். இருட்டுமுன் எல்லாரும் வீட்டில் இருக்க வேண்டும். நடத்துவதற்கு ஐந்தாம் படிவம் முடித்த ஓர் அக்காள் இருந்தாலே போதும். எப்படி நடத்துவது என்று சொல்லித்தர எங்களைப் போன்றோர் வருவோம்.

பணம் கட்டிப் பிரத்தியேக வகுப்புக்கு அனுப்புகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். டாக்டர் தம்பிராஜா முன்னின்று 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தின் வகுப்புகளில் படித்து மேலே போன தோட்டத்துப் பிள்ளைகள் பலர் உண்டு. ஆனால் சோதனையை எதிர்நோக்கும் பெரிய பிள்ளைக்கு உரியது வேறு, ஆறு ஏழு வயதுக்கு உரியது வேறு. சின்னப் பிள்ளையை அனுப்புமுன் ஒரு நாள் வாசலில் நின்று கேளுங்கள். ஆசிரியர் குரல் மட்டும் கேட்டால் யோசியுங்கள். பிள்ளைகள் குரல் கேட்டால் உள்ளே விடுங்கள்.

எனக்கே படிக்கத் தெரியாதே என்று சிலர் தயங்குகிறீர்கள். "இன்று என்ன நடந்தது? அப்புறம்?" என்று கேட்க எழுத்துத் தேவையில்லை. அந்த 'அப்புறம்' ஒன்றுதான் பிள்ளையை நீளமாகப் பேசவைக்கிறது.

அந்தப் பையனின் தாத்தா ஒரு நாள் மாலை வகுப்புக்கு வந்திருந்தார். கையெழுத்துப் போட மட்டும் தெரிந்தவர். பேரன் சுவர்த்தாளைக் காட்டி வாசித்தான். "கோட்டில் காய்ந்த பாலைத் தாத்தா உரித்து எறிவார்" என்ற வரி வந்ததும் அவர் கை காட்டி நிறுத்தினார். "எறியமாட்டோம் டீச்சர். ஒட்டுப்பாலைப் பையில் சேர்த்துக் கொண்டுபோய் நிறுப்போம். அதற்கும் காசு உண்டு." பையன் என்னைப் பார்த்தான். பிறகு என் பேனாவை வாங்கி 'எறிவார்' என்பதை அடித்துவிட்டு, "டீச்சர், நிறுப்பார் என்பதற்குச் சின்ன ரகரமா, பெரிய றகரமா?" என்று கேட்டான்.